மூன்று பேர் சுமந்த ஒற்றைத் துவக்கு

கொழும்பில் பிரதமரைச் சுட்டுவிட்டார்கள் என்று ரேடியோவில் சொன்னார்களே, அந்த வருசம்தான் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பெரிய கங்காணி இறந்துபோனார். அது எத்தனையாம் வருசம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. நான் பள்ளிக்கூடம் போனவன் இல்லை. நான் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதுகிறார். ஆனால் அந்தச் செய்தி வந்தபோது நான் எங்கே நின்றேன் என்பது நன்றாக ஞாபகம் இருக்கிறது. தோட்டத்து ஆபீஸ் பெரிய கிளாக்கர் வீட்டுக்குப் பின்னால் விறகு பிளந்துகொண்டிருந்தேன். உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது, சட்டென்று பாட்டு நின்றது. கிளாக்கர் இடுப்பில் கட்டிய சாரத்தோடு வெளியே வந்து, யாரிடம் சொல்வது என்று தெரியாமல் என்னிடம் சொன்னார். நான் கோடாலியைக் கீழே போட்டுவிட்டு, "எந்தத் தொவக்காலங்க சுட்டாங்க?" என்று கேட்டேன். ஆளைப் பற்றிக் கேட்காமல் துவக்கைப் பற்றிக் கேட்கிறானே என்று அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். என் புத்தி அப்படி. துவக்கு என்றால் எனக்கு எப்போதும் ஒரு ஆராய்ச்சி.

அதற்குக் காரணம் பெரிய கங்காணிதான். பதுளையிலிருந்து ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஏறுகிற பாதையில் எங்கள் தோட்டம். அதில் துரையை விட்டால் துவக்கு வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். ஒற்றைக் குழல் துவக்கு. பழைய வெள்ளைக்காரத் துரை ஒருவர் சிபாரிசு செய்து வாங்கிக் கொடுத்தது. வருசத்துக்கு ஒரு தரம் கோட்டுப் போட்டுத் தலைப்பாகையும் கட்டிக்கொண்டு, பதுளைக் கச்சேரிக்கு, அதாவது அரசாங்க ஆபீசுக்குப் போய் லைசன்ஸைப் புதுப்பித்து வருவார். அன்றைக்கு அவர் நடையே வேறு.

மரக்கறித் தோட்டத்தைக் காட்டுப்பன்றி உழுது போட்டுவிட்டால் கங்காணி வேட்டைக்குக் கிளம்புவார். ஆனால் துவக்கைத் தன் கையால் தூக்க மாட்டார். பெரிய ஆள் தன் குடையைத் தானே பிடிக்கிறதில்லை, தன் துவக்கைத் தானே சுமக்கிறதில்லை. அது அன்றைய வழக்கம். நான் சுமப்பேன். பன்றியைக் கண்ட பிறகுதான் கையை நீட்டுவார், நான் கொடுப்பேன்.

ஒருநாள் போகிற வழியில் கேட்டேன்: "இந்த லைசன்சு தொவக்குக்குங்களா, ஒங்களுக்குங்களா?"

"எனக்குத்தான்டா. தொவக்கு அது பாட்டுக்கு மூலையில கெடக்கும். அதுக்கெதுக்கு லைசன்சு?"

"அப்பன்னா நா தூக்கிட்டு வர்றேனேங்க, எனக்கு வேணாமா?"

"நீ எங்கூட வர்ற வரைக்கும் எங் கையிடா நீ."

எனக்கு அந்தப் பதில் பிடித்துப்போயிற்று. ஆனாலும் விடவில்லை. அவர் ஒண்ணுக்குப் போக ஒதுங்கி, நான் முன்னால் நடந்து, வளைவு திரும்பிவிட்டால் அந்த நேரத்துக்கு நான் யார் கை? அதையும் கேட்டேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "வளைவு திரும்பாத, அங்கனயே நில்லு" என்றார். அன்றிலிருந்து அப்படித்தான் நின்றேன்.

பிரதமர் இறந்த பிறகு பதுளைப் பாதைகளில் போலீஸ்காரர்கள் அதிகமாக நின்றார்கள். பஸ்ஸை நிறுத்துவார்கள், மூட்டையைத் தட்டிப் பார்ப்பார்கள். யாரிடம் துவக்கு இருக்கிறது, லைசன்ஸ் யார் பெயரில் என்று கேட்கிறார்களாம் என்று கடைவீதியில் பேச்சு. தீபாவளி முடிந்து மழை பிடித்துக்கொண்ட சமயத்தில், பெரட்டுக் களத்துக்கு வந்து ஆட்களை எண்ணிக்கொண்டிருந்த கங்காணி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு எழும்பவில்லை.

சாவு நன்றாக நடந்தது. நாலு தோட்டத்துத் தப்பு மேளம் வந்தது. அடக்கம் முடிந்த பிறகு அவருடைய சாமான்களையெல்லாம் உள் அறையில் ஒரு பாய் விரித்து வைத்தார்கள். கோட்டு, தலைப்பாகை, வெள்ளிப் பூண் போட்ட கைத்தடி, வெற்றிலைப் பெட்டி, நடுவில் துவக்கு. பக்கத்தில் விளக்கு. பதினாறாம் நாள் கருமாதி வரைக்கும் இறந்தவர் சாமான் எதுவும் வாசலைத் தாண்டக்கூடாது என்பது எங்கள் சனத்தின் கட்டு. கங்காணியம்மா துவக்குக் கட்டையில் சந்தனம் வைத்துக் குங்குமமும் வைத்தாள். குழலுக்கு ஒரு சின்ன மாலை. எனக்கு அது பெரிய அதிசயமாகத் தெரியவில்லை. சரஸ்வதி பூசைக்குத் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்திக்கு வைக்கிறோம், மண்வெட்டிக்கு வைக்கிறோம். துவக்குக்கு வைத்தால் என்ன?

துக்கம் கேட்க வந்த பெரிய கிளாக்கருக்குத்தான் அது அதிசயமாக இருந்தது. அவர் யாழ்ப்பாணத்துக்காரர். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"உதென்ன காணும், துவக்கு இஞ்சை கிடக்குது?"

கங்காணியின் மகன்தான் பதில் சொன்னார். அவர் எங்கள் டிவிசனில் கணக்கப்பிள்ளை. வேலையில் நான் அவரை ஐயா என்பேன், வெளியில் மச்சான் என்பேன். "அப்பாவோட சாமானுங்கய்யா. பதினாறு முடிஞ்சுதான் எடுக்கணும்."

"லைசன்ஸ் ஆற்றை பேரிலை?"

"அப்பா பேர்லதாங்க."

"அவர் செத்த உடனை லைசன்ஸும் செத்துப்போச்சுது. இப்ப இந்த வீட்டிலை லைசன்ஸ் இல்லாத துவக்கொண்டு கிடக்குது. விளங்குதே?"

"பதினாறு முடியட்டுங்கய்யா. அப்புறம் குடுத்துர்றோம்."

"எங்கடை ஊரிலை முப்பத்தொராம் நாள் காணும். அதுக்காகத் துவக்கை முப்பத்தொரு நாள் வச்சிருக்கேலுமே? பொலிஸ்காரனுக்கு உந்தக் கணக்கொண்டும் தெரியாது." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உம்மடை பிரஜாவுரிமை விசாரணை தை மாசம் எல்லோ? அதுக்குள்ளை ஒரு பொலிஸ் கேஸ் விழுந்தால் உம்மடை மனுவை ஆர் பாப்பினம்?"

கணக்கப்பிள்ளையின் முகம் அப்போதுதான் மாறியது. அந்த விசயத்தை இந்தக் காலத்து ஆட்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சுதந்திரம் வந்த கையோடு, தோட்டத்து ஆட்கள் இந்த நாட்டுப் பிரஜை இல்லை என்று சட்டம் வந்தது. வேண்டுமானால் மனுப் போடு, இங்கேயே இருந்தாய் என்று அத்தாட்சி காட்டு என்றார்கள். கணக்கப்பிள்ளை மனுப் போட்டு வருசக்கணக்காகக் காத்திருந்தார். கடைசியாக அப்போதுதான் விசாரணைக்கு நாள் வந்திருந்தது. மனு தள்ளுபடியானால், தான் பார்த்தே இராத இந்தியாவுக்குப் பெண்சாதி பிள்ளைகளோடு கப்பலேற வேண்டியதுதான் என்று அவருக்குப் பயம். அந்தப் பயத்தில் பாதையில் எச்சில் துப்பக்கூட யோசிக்கிற மனுசனாக ஆகியிருந்தார்.

கிளாக்கர் போன பிறகு அவர் தாயிடம் போய், "ஆத்தா, நாளைக்கே குடுத்துருவோம்" என்றார்.

"எதை?"

"தொவக்கத்தான்."

"பதினாறு முடியாம அவரு சாமான் ஒண்ணு வெளிய போச்சுன்னா நானும் அது பின்னாலயே போறேன். போலீசுகிட்ட அப்பிடியே சொல்லு."

அதோடு பேச்சு முடிந்தது. பதினாறு நாளும் கணக்கப்பிள்ளை வாசலைப் பார்த்தபடியே இருந்தார். காக்கிச் சட்டையில் தபால்காரன் வந்தால்கூட எழுந்து நின்றார். கிளாக்கரோ லீவில் ஊருக்குப் போய்விட்டார். துரை புதுசு, கொழும்புக்குப் போயிருந்தார். யோசனை கேட்க ஆள் இல்லை.

கருமாதி முடிந்தது. கணக்கப்பிள்ளை மொட்டை, அவருடைய சித்தப்பாவும் மொட்டை. சித்தப்பா ஒரு சின்னக் கூட்டத்துக்குச் சில்லறைக் கங்காணி. வாயைத் திறந்தால் பகடிதான். நான் அவரை மாமா என்பேன். இனி துவக்கைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிடலாம் என்று மூன்று பேரும் உட்கார்ந்தபோதுதான் உண்மையான சிக்கல் எங்களுக்கு விளங்கியது. துவக்கை யார் கொண்டுபோவது? பாதையில் போலீஸ் நிற்கிறது. லைசன்ஸ் இல்லாதவன் துவக்கோடு போனால் பிடிப்பான். லைசன்ஸ் உள்ளவரோ மண்ணுக்குள். வீட்டில் வைத்தாலும் குற்றம், வெளியே எடுத்தாலும் குற்றம்.

எனக்கு அது ரொம்பச் சுவாரசியமாக இருந்தது, உள்ளதைச் சொல்கிறேன். கணக்கப்பிள்ளை தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறார், நான் இந்தச் சட்டத்தைப் போட்டவன் இதை யோசித்தானா இல்லையா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

சித்தப்பாதான் வழி சொன்னார். "தொவக்குன்னா என்னாடா? கொழலும் கட்டையும் ஒண்ணா இருந்தாத்தான் தொவக்கு. கழட்டிட்டா? ஒருத்தன் கையில கொழாய், ஒருத்தன் கையில வெறகு. வெறகு கொண்டு போறவன எந்தப் போலீசு புடிப்பான்?"

"சித்தப்பா, வெளையாடாதீங்க. எனக்கு விசாரணை இருக்கு."

"அதனாலதான்டா சொல்றேன்! மூணாக் கழட்டுவோம். ஆளுக்கொண்ணு. ஒருத்தனுக்கொருத்தன் தெரியாத மாதிரி நடப்போம். ஸ்டேஷன் வாசல்ல போயி மாட்டிக் குடுத்துருவோம்."

ஸ்டேஷனுக்குப் போய்ச் சொல்லி அவர்களையே வரச்சொல்வோம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது. தோட்டத்தில் மண்வெட்டி உடைந்தால் உடைந்த மண்வெட்டியைக் கொண்டுபோய் ஸ்டோரில் காட்ட வேண்டும், அப்போதுதான் புதுசு. விரலை வெட்டிக்கொண்டால் விரலைக் காட்ட வேண்டும், அப்போதுதான் லீவு. பொருள் இல்லாமல் வெறும் வாயோடு ஆபீஸ் வாசலில் நின்றவனை யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. அப்படியே பழகிவிட்டோம். போதாததற்கு, நாங்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்துக்குப் போலீஸ் வந்தது என்றால் அந்த வீட்டில் பெண் எடுக்கவும் யோசிப்பார்கள். நாங்களே கூப்பிடுவதா?

கழற்றிக் கொடுத்தது நான். குழல் எனக்கு வந்தது. கம்பளிக்குள் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டேன். விசை உள்ள பின்கட்டையைக் கணக்கப்பிள்ளை சாக்குப் பையில் போட்டு மேலே பீர்க்கங்காய் வைத்தார். முன்கட்டை சின்னது, சித்தப்பா அதைக் குடைக்குள் செருகிக்கொண்டார். மிச்சமிருந்த தோட்டாக்கள் டொபி மிட்டாய் டின் ஒன்றில் இருந்தன. அதுவும் அவர் மடியில்.

காலைப் பெரட்டு முடிந்து இறங்கினோம். முன்னால் நான், கொஞ்சம் பின்னால் கணக்கப்பிள்ளை, அதற்கும் பின்னால் சித்தப்பா. பஸ்ஸில் மூட்டையைப் பார்ப்பான் என்று நடந்தே போனோம். மழை விட்டு வெயில் அடித்தது. பதுளைக்குள் நுழைகிற பாலத்தில் கொன்ஸ்தாபிள் ஒருவர் நின்றார். சிங்கள ஆள், இளவயசு. போலீஸ்காரர்களை நாங்கள் ராலாமி என்றுதான் கூப்பிடுவோம்.

"ஏய், நில்லு. வெயில்ல எதுக்குக் கம்பளி?"

"மழை வந்தா போத்திக்கிறதுக்குங்க, ராலாமி."

"உள்ள என்னா?"

"கொழாயிங்க."

அவர் உருவி எடுத்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறு கண்ணைக் குழலில் வைத்து ஆற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு மூக்கில் வைத்து மோந்து பார்த்தார்.

"இந்தக் கொழாயில தண்ணி வாறதா?"

"இன்னம் வரலீங்க."

அந்த நேரம் பார்த்து கணக்கப்பிள்ளை எங்களைப் பார்க்காமல் பாலத்தைக் கடக்கப் பார்த்தார். தலை மழமழவென்று பளபளத்தது. அவருக்குப் பின்னால் இன்னொரு மொட்டை, வெயிலில் விரிக்காத குடையோடு. கொன்ஸ்தாபிள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மொட்டை ரெண்டு பேரும் இங்க வா. நீங்க ஒரே வீடுதானே?"

"இவனா? இவனை நா பார்த்ததே இல்லீங்களே" என்றார் சித்தப்பா. சொல்லும்போது குடைக்குள்ளிருந்து முன்கட்டை நழுவி அவர் காலிலேயே விழுந்தது. "ஆத்தாடி!" என்று அவர் குதித்த குதியில் மடியிலிருந்த டின்னும் விழுந்து, தோட்டாக்கள் பாலத்தில் உருண்டன.

ஸ்டேஷனுக்கு எங்களை நடத்திக்கொண்டு போனார். கணக்கப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டே நடந்தார். ஸ்டேஷன் படியில் ஏறும்போது, "போச்சு மச்சான். எல்லாம் போச்சு" என்றார். எனக்கு அதுவரைக்கும் இருந்த வேடிக்கையெல்லாம் அந்த இடத்தில் அடங்கிவிட்டது.

உள்ளே வயசான சார்ஜன் ஒருவர் இருந்தார். அவரும் சிங்களவர்தான், ஆனால் அப்புத்தளையில் வெகுகாலம் இருந்தவராம். எங்களைப் போலவே தமிழ் பேசினார். மூன்று துண்டையும் மேசையில் போட்டார்கள்.

"யார் சொன்ன புத்தி இது?"

சித்தப்பா கையைக் கட்டிக்கொண்டு, "கழட்டிட்டா தொவக்கு இல்லைன்னு நெனச்சோமுங்க" என்றார்.

"இந்தக் கொழாயும் தொவக்குக் கணக்குத்தான். இந்தக் கட்டையும் தொவக்குக் கணக்குத்தான். ஒருத்தன் கொண்டு வந்திருந்தா ஒரு கேஸ். இப்ப மூணு கேஸ். நல்ல புத்திதான், ஆ?" பிறகு என்னைப் பார்த்தார். "மாட்டு பார்ப்போம்."

நான் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். "லைசன்சு இல்லீங்களே, தொடலாமுங்களா?"

அறையில் இருந்த போலீஸ்காரர்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். சார்ஜன் சிரிக்கவில்லை. "நான் சொன்னா தொடலாம்" என்றார். அப்படியென்றால் இப்போது நான் சார்ஜனுடைய கை என்று மனதுக்குள் குறித்துக்கொண்டு மாட்டிக் கொடுத்தேன்.

அவர் கட்டையைத் திருப்பிப் பார்த்தார். சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது, குங்குமமும் இருந்தது. "இது என்னா?"

கணக்கப்பிள்ளைதான் பதில் சொன்னார். அப்பா இறந்தது, பதினாறு நாள், ஆத்தா சொன்னது, எல்லாம் சொன்னார். கடைசியில், "அய்யா, அடிக்கணும்னா அடிங்க. கேஸ் மட்டும் வேணாமுங்க. தை மாசம் பிரஜாவுரிமை விசாரணைங்க" என்றார். கண் கலங்கிவிட்டது. தோட்டத்தில் எங்களை அதட்டுகிற மனுசன்.

"எங்க வீட்லயும் ஏழாம் நாள் தானம் குடுப்போம்" என்றார் சார்ஜன். "தொவக்குக்குப் பொட்டு வச்சதில்லை." பிறகு கொன்ஸ்தாபிளிடம் சிங்களத்தில் ஏதோ கேட்டார். எனக்கு விளங்கிய வரைக்கும், பாலத்தில் இவர்கள் எந்தப் பக்கம் பார்த்து நடந்தார்கள் என்றுதான் கேட்டார். டவுன் பக்கம், அதாவது ஸ்டேஷன் பக்கம் என்றார் கொன்ஸ்தாபிள். சார்ஜன் துவக்கை எடுத்துக்கொண்டு இன்ஸ்பெக்டர் அறைக்குள் போனார்.

வெகுநேரம் வெளியே வரவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து நான் அந்தக் கேள்வியையே யோசித்தேன். அதே துவக்கு, அதே ஆட்கள், அதே பாலம். மலைப்பக்கம் பார்த்து நடந்திருந்தால் கேஸ், ஸ்டேஷன் பக்கம் பார்த்து நடந்தால் வேறு மாதிரியா? சித்தப்பாவிடம் கேட்டேன். "வாயை மூடுடா, சுவருக்கும் காது இருக்கு" என்றார்.

சார்ஜன் வந்து சொன்னார். துவக்கு இங்கேயே இருக்கட்டும். சாவுச் சான்றும் பழைய லைசன்ஸும் நாளைக்கு வர வேண்டும். ஒப்படைக்கத்தான் வந்தார்கள் என்று இன்ஸ்பெக்டர் ஐயா ஏற்றுக்கொண்டார். கேஸ் இல்லை.

கணக்கப்பிள்ளை கும்பிட்டார். சித்தப்பாவுக்கு உடனே தைரியம் வந்துவிட்டது. "அய்யா, அவன் பேருக்கே ஒரு லைசன்சு கெடைக்காதுங்களா? பன்னித் தொல்லை பெருசா இருக்குங்க."

"பிரஜையா?"

"இன்னம் இல்லீங்க."

"ஆன பொறகு வந்து கேக்கச் சொல்லு." பிறகு எங்களை வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டுவிட்டுச் சொன்னார்: "இன்னொரு தரம் இப்பிடி நடந்தா தொவக்கைத் தொடாத. வெறுங்கையோட இங்க வா. வந்து வாயால சொல்லு. நாங்க வந்து எடுத்துக்குவோம். அதுக்குத்தான் சம்பளம் வாங்குறோம்."

வெறுங்கையோடு வா என்று ஒரு ஆபீஸ்காரர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

தை மாசம் விசாரணைக்கு நானும் கூடப் போனேன், வெளியே நின்றேன். கணக்கப்பிள்ளை வெளியே வந்து, "கேட்டாங்க மச்சான். போலீஸ் வழக்கு ஏதாச்சும் இருக்கான்னு கேட்டாங்க" என்றார்.

"என்னா சொன்ன?"

"இல்லைன்னேன். பொய் சொல்ற மாதிரியே இருந்திச்சு. ஆனா உண்மைதானே?"

அடுத்த வருசம் அவருக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது. சித்தப்பா துவக்கைக் கேட்டு வாங்கு, கேட்டு வாங்கு என்று நச்சரித்தார். கணக்கப்பிள்ளை போகவே இல்லை. பன்றிக்குத் தகரம் தட்டினால் போதும் என்றுவிட்டார். அப்புத்தளைப் பக்கம் வேறொரு தோட்டத்தில், செத்த தகப்பனின் துவக்கை மகன் கூரைக்குள் ஒளித்து வைத்து மாட்டிக்கொண்டான் என்று பின்னால் கேள்விப்பட்டேன். அவனுக்குக் கேஸ் விழுந்து, மனுவும் போயிற்று. அவனிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

இப்போது சட்டம் எப்படி என்று எனக்குத் தெரியாது, மாறியிருக்கலாம். அதனால் கேட்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். துவக்கு வைத்திருக்கிற வீடு உங்களுக்குத் தெரிந்திருந்தால், அந்த மனுசன் உயிரோடு இருக்கும்போதே அவர் பெண்சாதி பிள்ளைகளிடம் இதைச் சொல்லிவையுங்கள். அவர் கண்ணை மூடினால், பொட்டு வைக்கிறதெல்லாம் இருக்கட்டும், முதலில் ஒரு ஆள் வெறுங்கையோடு ஸ்டேஷனுக்குப் போகட்டும். அவர்கள் அதை வேறு வீடுகளுக்கும் சொல்லட்டும்.